இருபது கிலோவுக்கு மேல்

அமலநாதன், பிலோமினாள் தம்பதியின் ஒரே மகள் ஜூடி. பிறந்தது 1993 செப்டம்பர் பதினான்கு. மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இந்தத் தேதியும், பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஒன்றாம் தேதியும் காணப்படுகின்றன, முதலாவதே சரியானது. ஊர், ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையின் அடிவாரம். தந்தை, மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்கும் லோடு வண்டியின் ஓட்டுநர். வண்டி அவருக்கே சொந்தம். தாய் 2020 ஆகஸ்டில் காலமானார். ஜூடி 2015 மே மாதம் மின்னணுப் பொறியியலில் பட்டம் பெற்றாள். ஓராண்டு வேலை தேடினாள். 2016 ஜூனில், ஆலங்காயம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முனிசாமி நடத்திவரும் மின்தராசு பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தாள். திருமணம் ஆகவில்லை.

2025 ஜனவரியில் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவன் வக்கார், வாணியம்பாடிக்காரன், கல்லூரியில் அவளுடைய வகுப்புத்தோழன், இப்போது பெங்களூரில் மருத்துவக் கருவிகளுக்கான சிப் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளன். படித்த படிப்பை விட்டு வேறு வேலைக்குப் போனவர்களைத் திரும்ப எடுக்கும் திட்டமொன்றை அந்த நிறுவனம் அறிவித்திருந்தது. அனலாக் பிரிவில் இரண்டு இடங்கள். பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகள் தாண்டியிருக்கக் கூடாது.

"மே மாசம் வந்தா உனக்குப் பத்து முடிஞ்சிடும் ஜூடி. இதுதான் கடைசி பஸ்ஸு. ஏறினா ஏறு, இல்லன்னா தராசுக்கு எண்ணெய் போட்டுட்டு அங்கயே உக்காரு."

"தராசுக்கு எவன்டா எண்ணெய் போடறான்? அது மின்தராசுடா."

"பாத்தியா, இன்னும் அந்த ரோஷம் இருக்குது. அது போதும்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்த பிறகு, கைப்பேசிக்குச் சிக்னல் எட்டும் ஒரே இடமான கோயில் மதில் மேல் உட்கார்ந்து அவள் பாடம் படித்தாள். கடையின் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் சுற்றுகளை வரைந்து, படமெடுத்து அனுப்புவாள். வக்கார் மறுமுனையில் தேர்வாளராக மாறிக் குரலைத் தடித்துக்கொண்டு கேள்வி கேட்பான். பத்து ஆண்டுகளில் சூத்திரங்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. ஆனால் பழுதுகள் நினைவிருந்தன. அவளிடம் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் ஒரு கெட்டுப்போன தராசாகவே வந்தது.

"ஆம்ப்ளிஃபயர் உள்ள நுழையற எடத்துல ரெண்டு மில்லிவோல்ட் பிசகு இருந்தா இன்னா ஆகும்?"

"தட்டு காலியா இருக்கும்போதே அம்பது கிராம் காட்டும். காலைல ஒண்ணு காட்டும், மத்தியானம் வேற காட்டும். கடைக்காரன் நம்மளத் திட்டுவான்."

வக்கார் சிரித்தான். "சொல்லு, இதையே சொல்லு. ஆனா திட்டறதுக்கு முன்னாடி ஒரு ஈக்வேஷன எழுதிடு தாயே."

மார்ச் மாதத்துக்குள் ஈக்வேஷன்களும் வந்துவிட்டன. தொலைபேசியில் நடந்த முதல் சுற்றுத் தேர்வில் அவள் தேறினாள். இறுதிச் சுற்று ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி பெங்களூரில் நேரில் நடக்கும் என்று கடிதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வக்காரின் குரலில் விளையாட்டு இல்லை.

"கடைசி ரவுண்டுல ஒரே ஒரு கேள்விதான் பெரிய கேள்வி. 'நீங்களே யோசிச்சி, நீங்களே செஞ்சி, இப்பவும் ஓடிக்கிட்டிருக்கற ஒரு சர்க்யூட்ட போர்டுல வரைங்க'ன்னு சொல்வாங்க. அத வெச்சித்தான் ஒரு மணி நேரம் நோண்டுவாங்க. அடியாழம் வரைக்கும் போவாங்க."

"காலேஜ் ப்ராஜெக்ட்ட வரையட்டா?"

"எது, நெருப்பணைக்கிற ரோபோவா? அத நாம மெட்ராஸ்ல கடையில காசு குடுத்து வாங்கினோம். நெருப்பக் காட்டினா பின்னால ஓடுச்சி. அதையா வரையப் போற?"

ஜூடி சிரிக்கவில்லை. தானே யோசித்து, தானே செய்து, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சுற்று அவளிடம் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதன் வரலாறு இது. மலை மேல் புளி கொள்முதல் செய்யும் மண்டிக்காரர் ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கொட்டகைச் சந்தை. கொள்முதல் தொடங்குமுன், கூடியிருக்கும் மலைக்காரர்கள் எல்லோரும் பார்க்க, இருபது கிலோ இரும்புப் படிக்கல்லைத் தராசில் வைத்து எண்ணைக் காட்டுவது அங்கு வழக்கம். அதற்குக் கல் காட்டுதல் என்று பெயர். கல் காட்டாமல் எவரும் மூட்டையைத் தொடவிடமாட்டார்கள். கல் சரியாக நின்றுவிட்டால் அதன் பிறகு எவரும் தராசைச் சந்தேகிக்கமாட்டார்கள். 2019 ஜனவரியில் முனிசாமி ஜூடியிடம் வந்தார்.

"ஜூடிம்மா, மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவுன்னு மண்டிக்காரரு கழிக்கறாரு. வாரா வாரம் மலைக்காரங்களோட வாய்ச்சண்டை. நாப்பது கிலோ மூட்டைய வெச்சா தராசே ஒரு கிலோவக் கழிச்சிக் காட்டிட்டா சண்டையே இல்ல பாரு."

"தட்டு எடைய கழிக்கறதுக்குத்தான் பட்டன் இருக்குதேண்ணா. அத அழுத்தினா போதுமே."

"அழுத்தறத எல்லாரும் பாக்கறாங்க இல்ல? அதுவுமில்லாம கல்லு வெச்சா இருபது சுத்தமா காட்டணும். கல்லுல கிராம் கொறையக் கூடாது. உன்னால ஆவுமா ஆவாதா?"

இந்தப் பேச்சில் ஒரு கோணல் இருப்பதை அவள் அன்றே கண்டிருக்க வேண்டும். அவள் கண்டது ஒரு கணக்கை மட்டுமே. பட்டம் பெற்று நான்காண்டுகள் ஆகப்போகும் நிலையில், உன்னால் ஆகுமா என்று அவளை எவரும் கேட்டதில்லை. பதினைந்து நாள் எடுத்துக்கொண்டாள். மின்தராசின் தட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டை உண்டு. எடை ஏறினால் அது மயிரிழை அளவு வளைந்து மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றைத் தரும். அதைப் பெருக்கித்தான் எண்ணாக மாற்றுகிறார்கள். பெருக்கும் இடத்தில் ஜூடி ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தாள். இருபது கிலோ வரை அது தூங்கும். அதைத் தாண்டியதும், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது போல, இருபதுக்கு மேற்பட்ட எடைக்குரிய மின்னழுத்தத்தில் மட்டும் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். எண் எங்கும் துள்ளாது, தடுமாறாது. நாற்பது வைத்தால் முப்பத்தொன்பது. ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தராசு கொட்டகையில் வைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரல் பதினாறாம் தேதி அவளை மலைக்கு அழைத்துப் போனார்கள். மதிய வெயிலில் கல் 19.96 காட்டியிருந்தது, கூட்டம் முணுமுணுத்திருந்தது. அன்றுதான் அவள் முதன்முறையாக அந்தக் கொட்டகையில் நின்று கொள்முதலைப் பார்த்தாள். நாற்பது கிலோ மூட்டை ஏறியது. தராசு முப்பத்தொன்பது காட்டியது. மண்டியின் கணக்குப்பிள்ளை, "சாக்கு ஒண்ணு போக முப்பத்தெட்டு" என்று உரக்கச் சொல்லிச் சீட்டில் எழுதினார். அடுத்த மூட்டைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

ஜூடிக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அவள் செய்தது என்ன என்பதையும் விடாமல் எழுதியாக வேண்டும். வெயிலில் டிரான்சிஸ்டர் முன்னதாகவே விழித்துக்கொள்வதுதான் பழுது என்று கண்டுபிடித்தாள். அதே வகையில் இன்னொன்றை எடுத்து, இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டி, ஒன்றுக்கு ஏறும் சூட்டை மற்றது ஈடுசெய்யும்படி இணைத்தாள். அதன் பின் மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் கல் 20.00 என்றே நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே சுற்று மேலும் பத்துத் தராசுகளுக்குப் போனது. ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து சரிபார்த்ததும் அவள்தான்.

வக்காரிடம் அவள் பாதியைத்தான் சொன்னாள். சாக்கு எடையைத் தானே கழிக்கும் தராசு என்றாள். அவன் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தான்.

"ஏய், இத நீயா செஞ்ச?"

"ஆமாடா."

"சூட்டுக்கு ஈடு கட்டியிருக்கற பாரு, எங்க டீம்ல ரெண்டு பேருக்கு இது தெரியாது. இத்தனை நாளா இத எங்க மூடி வெச்சிருந்த? போர்டுல இத வரைஞ்சிட்டு வெளிய வா, வேலை உன்னுது."

அதன் பிறகு வந்த ஞாயிறுகள் எல்லாம் அந்தச் சுற்றுக்கே போயின. இரண்டு டிரான்சிஸ்டர்களும் அச்சாக ஒன்றுபோல் இல்லாவிட்டால் என்ன ஆகும், மின்கலம் இறங்கினால் என்ன ஆகும், இரைச்சல் எவ்வளவு என்று வக்கார் நூறு கேள்வி கேட்டான். அவள் நூற்றுக்கும் பதில் சொன்னாள். எதற்காக இந்தச் சுற்று என்று மட்டும் அவன் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்திருந்தான்.

பங்குனிக் கடைசியில் ஆண்டுச் சரிபார்ப்புக்காக அவள் மலைக்குப் போனபோது, கொட்டகை ஓரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஈஸ்வரி பேச்சுக் கொடுத்தாள். நான்கு மரத்துப் புளியை நம்பிப் பிழைப்பவள். பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளிருந்து மூட்டையை ஜீப்பில் போட்டு எடுத்து வருபவள்.

"ஏம்மா, நீதான தராசு பாக்கற பொண்ணு? ஒண்ணு கேக்கறேன், சொல்லு. எங்க வூட்டுத் தொங்கு தராசுல நாப்பது நிக்குது. இங்க வந்தா முப்பத்தொம்போது. வழியிலயே காஞ்சிப்போவுமா புளி?"

"காயுங்கக்கா" என்றாள் ஜூடி. "வெயில் காலம் இல்லையா."

"அதான் பாத்தேன். ஈரச்சாக்கு போட்டு மூடணும்போல."

அன்று இறங்கும்போது தந்தையின் வண்டியில் அவள் கருவிப்பையை மடியில் வைத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பரீட்சை பயம் என்று அமலநாதன் எடுத்துக்கொண்டார். "நீ போய்ட்டு வா கண்ணு. கெடச்சா பெங்களூரு, கெடைக்கலன்னா ஆலங்காயம் எங்க ஓடிப்போவுது?" என்றார். அவள் பெங்களூருக்குப் போக விரும்பியதன் முதல் காரணம் சம்பளமன்று. ஆண்டுக்கொரு முறை அந்தத் தராசுகளைத் திறக்கும் கை தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பதுதான். அங்கே போவதற்கு அவளிடம் இருந்த ஒரே சீட்டோ அந்தத் தராசுதான்.

ஏப்ரல் இருபத்து மூன்று. அறையில் இருவர் இருந்தனர். தலைமைப் பொறியாளர் கோகிலவாணி, ஐம்பது வயதை நெருங்கியவர். அருகில் இளையவர் ஒருவர். ஆங்கிலத்தில் தொடங்கிய தேர்வு, ஜூடி இரண்டு முறை சொல்லுக்குத் தடுமாறியதும், கோகிலவாணியின் விருப்பப்படி தமிழுக்கு மாறியது. எதிர்பார்த்த கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது. ஜூடி எழுந்து வரைந்தாள்.

"வெயில்ல இது நகருமே?" என்றார் இளையவர்.

அவள் இரண்டாவது டிரான்சிஸ்டரை வரைந்தாள். அவர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் அவர் கேட்டதற்கெல்லாம் அவள் தயங்காமல் விடை சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக அவள் பேசியதில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று அவளுக்கே தோன்றிய நேரத்தில், அதுவரை பேசாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணி கேட்டார்.

"நாற்பது வெச்சா முப்பத்தொன்பது. அறுபது வெச்சா?"

"அம்பத்தெட்டுங்க மேடம்."

"பத்து கிலோ?"

"பத்துங்க."

"சாக்கு எடையைக் கழிக்கறதுன்னு சொன்னீங்க. பத்து கிலோ மூட்டைக்குச் சாக்கே கிடையாதா? அறுபது கிலோவுக்கு ரெண்டு சாக்கா?" குரலில் கடுமை இல்லை, கணக்கு இடிப்பதைப் பார்த்தவரின் ஆர்வம் மட்டுமே இருந்தது. "எந்த வடிவமைப்புக்கும் ஒரு தேவைப் பட்டியல் இருக்கும். இந்த இருபதுங்கற எண் எங்கேயிருந்து வந்தது?"

வக்காரோடு பயின்ற நூறு கேள்விகளில் இது இல்லை. ஜூடி பலகையைப் பார்த்தாள். எதையாவது சொல்லிச் சமாளிக்க அரை நிமிடம் இருந்தது. ஆனால் அந்தச் சுற்றை அறிந்தவர்களிடம் அந்த இருபதுக்கு வேறு விளக்கம் சொல்ல முடியாது என்பதும் அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

"அங்க வெச்சிக் காட்டற படிக்கல்லு இருபது கிலோங்க மேடம்."

இளையவர் முதலில் புரியாமல் கோகிலவாணியைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"செய்யும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல்ல தெரியாதுங்க." அவள் விரல் பலகையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் மேல் நின்றது. "இதப் போடும்போது தெரியும்."

மனசாட்சி உந்தியதால் சொன்னாள் என்று எழுத ஆதாரம் ஏதுமில்லை. கேள்விக்கு வேறு விடை இல்லாததால் சொன்னாள். கோகிலவாணி நன்றி கூறி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மே ஐந்தாம் தேதி மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. அன்று மாலையே வக்கார் அழைத்தான். கோகிலவாணி அவனிடம், பெண்ணின் கை நல்ல கை என்றும், நோயாளியின் ரத்தத்தை அளக்கிற சிப்பை அந்தக் கையில் கொடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா வேற எதையாவது தேடியிருக்கலாமே ஜூடி? ஒரு பொய் கூடவா வாயில வரல?"

"வரும்டா. அந்த நேரத்துக்கு வரல."

"இப்ப இன்னா பண்ணப் போற?"

மே முடிந்தது. பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகள் நிறைந்தன.

ஜூன் முதல் வாரத்தில் அவள் முனிசாமியிடம், பதினொரு தராசுகளிலும் அந்தச் சுற்றைக் கழற்றிவிடப் போவதாகச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"கழட்டேன். தராசு மண்டிக்காரரோட சொத்து. அவர்கிட்ட கேட்டுட்டுக் கழட்டு. நீ கழட்டின மறுநாளு வேற ஒருத்தன் ஒரு சிப்ப வெச்சி ஒட்டிடுவான். அவனுக்கு இவ்ளோ படிப்பு கூடத் தேவையில்ல. தெரியுமில்ல?"

ஜூன் இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவள் தந்தையின் வண்டியில் மலைக்கு ஏறினாள். கொட்டகையில் நாற்பது பேர்வரை நின்றிருந்தார்கள். கல் காட்டி முடிந்திருந்தது. ஈஸ்வரியின் மூட்டை தராசில் ஏறி முப்பத்தொன்பது காட்டியபோது, ஜூடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, புளி காயல. தராசுதான் கொறைச்சிக் காட்டுது. இருபது கிலோவுக்கு மேல போனா கொறைக்கற மாதிரி நாந்தான் செஞ்சேன்."

"இன்னாம்மா சொல்ற? கல்லு சுத்தமா நின்னுச்சே. காலைல அத்தினி பேரும் பாத்தமே."

"கல்லுக்கு மட்டும் சரியா நிக்கும். அந்தக் கல்லத் தூக்கி இந்த மூட்டை மேல வெக்கச் சொல்லுங்க, அம்பத்தொம்போது வரணும். வராது. பாருங்க."

கணக்குப்பிள்ளை எழுந்து வந்தார். கல்லைத் தொடவில்லை, தராசின் சுவிட்சை அணைத்தார். "தராசு பாக்கறவங்களே தராசு தப்புன்னு சொன்னப்புறம் அதுல எடை போட்டா பாவம். இன்னிக்கிக் கொள்முதல் இல்ல. மூட்டைய எடுத்துட்டுப் போங்க" என்றார், பணிவாக.

கூட்டம் ஜூடியின் பக்கம் திரும்பியது. "ஜீப்புக்கு எவன் காசு குடுக்கறது?" என்றது ஒரு குரல். "இத்தன வருசமா எங்க இருந்த? எங்க பொழப்புல மண்ணப் போடத்தான் வந்தியா?" என்றது இன்னொன்று. ஒருவர் அவளைத் தராசின் பக்கத்திலிருந்து அகற்றிவிட்டார். தள்ளினார் என்று சொல்ல முடியாது. ஈஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"கொறையுதுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? வேற எவன் இவ்ளோ தூரம் ஏறிவந்து வாங்குவான், சொல்லு. நீ எறங்கிப் போ."

ஜூடி கொட்டகையை விட்டு இறங்கினாள். பின்னால் சுவிட்ச் போடும் ஓசையும், படிக்கல்லைத் தூக்கி வைக்கும் ஓசையும், "இருபது, பாத்துக்கோங்க" என்ற குரலும் கேட்டன. கொள்முதல் தொடர்ந்தது. அன்று மாலையே முனிசாமி கடையில் அவளுடைய வேலை முடிந்தது. ஜூலை முதல் மண்டியின் லோடு அமலநாதனுக்குத் தரப்படவில்லை. தராசுகள் பதினொன்றும் இடத்தை விட்டு அசையவில்லை.

முதல் தராசு கொட்டகையில் வைக்கப்பட்ட நாளிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரை: ஆறு ஆண்டுகள், நான்கு மாதங்கள், இருபத்தாறு நாட்கள்.